கூட்டல் போட்டவள்

பேனரில் ‘வினாடி விழா’ என்று அச்சாகியிருந்தது.
போனில் காதில் விழுந்ததைத்தான் அடித்தேன் என்றார்
செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்காரர்.
வெள்ளைத்தாள் ஒட்டினோம்.
ஃபேன் சுற்றும்போதெல்லாம் தாள் எழுந்து
விழாவைக் காட்டிவிட்டுப் படுத்தது.

ஒன்பதரைக்கு என்று அழைப்பிதழ்.
பதினொன்றே காலுக்குச் சாவி வந்தது,
அரங்கத்தின் சாவி இல்லை,
அது இருக்கும் அலமாரியின் சாவி.

பஸ்ஸர் ஆறு கேட்டிருந்தோம்.
எலெக்ட்ரானிக்ஸ் துறை நான்கு தந்தது.
அதிலொன்று யாரும் தொடாமலே அலறும்.
ஐந்தாம் அணிக்கு கேன்டீன் தட்டும் கரண்டியும்.
ஏற்காட்டிலிருந்து வந்த ஆறாம் அணி
கை தூக்கினால் போதும் என்று விதி எழுதினார்
அருள்ஜோதி சார்,
அப்போதுதான், என் முதுகை மேசையாக்கி.

எனக்குக் கரும்பலகை.
மூன்றாமாண்டு கணிதம்,
கூட்டலில் தவறமாட்டாள் என்று நம்பினார்கள்.

கேள்விகளை ஜெராக்ஸ் எடுத்த கடையில்
மாலை நேரங்களில் எங்கள் குணாளனுக்கு வேலை.
கேள்வி பாதியில் இருக்கும்போதே
விடை சொன்னான்.
கெட்டிக்காரன் என்று கைதட்டினார் முதல்வர்.
ஜெராக்ஸ் பற்றி யாரும் பேசவில்லை.
நானும்தான்.

மூன்றாம் சுற்று.
சேலத்திலிருந்து ஏற்காடு ஏற
எத்தனை கொண்டை ஊசி வளைவுகள்?
தீர்த்தகிரியின் கை மேலே இருந்தது.
அதற்குள் கரண்டி தவறி விழ,
பஸ்ஸர் தானாக அலற,
அந்த மேசைக்காரன் பயந்துபோய் ‘இருபது’ என்றான்.
சரி என்றார் சார்.

தீர்த்தகிரி கையை இறக்கவில்லை.
‘எந்த ரோட்டில் சார்?
நாங்கள் குப்பனூர் வழியாக வந்தோம்.’

அரங்கமே சிரித்தது.
சார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் இன்னொரு விடை இருக்கும் என்பதுபோல.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம்.
புவியியல் மேடத்தைக் கூட்டிவந்தார்கள்,
மண் வகை கேட்டால் சொல்வேன் என்றார்.
யாரோ ஒருவனின் மாமா பஸ் டிரைவர்.
இரவு டூட்டி முடித்துத் தூங்கியவரை எழுப்பி
ஸ்பீக்கரில் போட்டார்கள்.
‘வளைவை எண்ணிக்கொண்டா ஓட்டுவார்கள்?’
மைக் வழியாக அது நன்றாகக் கேட்டது.
எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள்
கட்டு அவிழாமல் காய்ந்துகொண்டிருந்தன.
நான் எண்களை அழித்தேன், எழுதினேன்,
துப்பட்டா நுனியால் மறுபடி அழித்தேன்.

ஐந்தே முக்காலுக்கு அவர்களின் பஸ்.
அதை விட்டால் ஊருக்குப் பாதிவழிதான்.
‘ஃபைனல் நடக்குமா மேடம்?’ என்று கேட்டாள் பூவிழி,
என்னைவிட ஒரு வயது சின்னவள்.
‘ஐந்தே நிமிஷம்’ என்றேன்.
மூன்று முறை அதையே சொன்னேன்.
நான்காம் முறை திரும்பியபோது
நாற்காலிகள் மட்டும் இருந்தன.

ஃபைனல் நடக்கவில்லை.
பலகையில் இருந்தபடியே பரிசு.
எங்கள் கல்லூரி தொண்ணூற்றைந்து,
ஏற்காடு தொண்ணூறு.
குணாளன் கோப்பையை முத்தமிட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

அம்மாபேட்டை பஸ்ஸில் ஜன்னலோர சீட்.
அழைப்பிதழின் பின்னால் நான் குறித்தவை:
முப்பத்தைந்து, நாற்பது, இருபத்தைந்து.
ஐந்தும் ஐந்தும் பத்து,
பூஜ்யம் போட்டு மிச்சம் ஒன்று.
அந்த ஒன்றை
நான் மேலே கொண்டுபோகவில்லை.

மறுநாள் சொன்னேன்.
‘ரிப்போர்ட் போயிடுச்சும்மா’ என்றார் சார்.
அடுத்த வருஷமும் நீதான் பலகை என்று சேர்த்துக்கொண்டார்,
நான் அடுத்த வருஷம் இருக்கமாட்டேன்
என்பதை மறந்து.

பெயர் எழுதாத இரண்டு சான்றிதழ்களோடு
ஒரு ஞாயிற்றுக்கிழமை
அயோத்தியாப்பட்டணம் போய்
குப்பனூர் வழி பஸ்ஸில் ஏறினேன்.
அவர்கள் கல்லூரிக்கு அன்று விடுமுறை என்பது
மேலே போய்த்தான் உறைத்தது.
வளைவுகளையாவது எண்ணியிருக்கலாம்.
ஏழு வரை சரியாகத்தான் வந்தேன்.
எட்டாவதில் பக்கத்து சீட்டுக் குழந்தை
என் மடியில் வாந்தி எடுத்தது.